வாக்குச்சீட்டில் பிரதமர் பெயர் இருக்காது: தொகுதி வேட்பாளரை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: "அண்ணே, வீடு பினாங்கு பிறையில், வேலை கோலாலம்பூரில். வரப்போகிற பொதுத்தேர்தல்தான் எனக்கு முதல் ஓட்டு. 2022 தேர்தல் காணொளிகளை இப்போது எடுத்துப் பார்த்தால் அன்வாரா, முகிடினா, இஸ்மாயில் சப்ரியா என்பதுதான் பேச்சு. அதிபர் தேர்தல் மாதிரியே இருக்கிறது. தொகுதியில் நின்றவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் பிரதமரைப் பார்த்து ஓட்டுப் போடுவதா, ஆளைப் பார்த்துப் போடுவதா? ஆள் என்றால் எதை வைத்துப் பார்ப்பது?"

தம்பி, என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கட்சி, அடுத்து ஆள், கடைசியில் பிரதமர் முகம். பிரசாரம் இதைத் தலைகீழாக்கித்தான் உங்களிடம் காட்டும்.

சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் 1ஆம் தேதி தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்கு வாங்கி அதிபரானார். இலங்கையில் 2024 செப்டம்பர் 21ஆம் தேதி யாரும் பாதியைத் தாண்டாததால், அந்த நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளையும் எண்ணித்தான் அதிபர் யார் என்று அறிவித்தார்கள். அங்கெல்லாம் சுவரொட்டியில் இருக்கும் ஆளின் பெயர்தான் வாக்குச்சீட்டிலும் இருக்கும். அப்படி இருந்தும், ஆளைப் பார்க்கும் முன் நாற்காலியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் அதிபரின் உண்மையான அதிகாரம் சேமிப்பு நிதிக்கும் முக்கிய நியமனங்களுக்கும் காவல் நிற்பது. அங்கே ஒரு வேட்பாளர் "விலைவாசியைக் குறைப்பேன்" என்றால், கோயில் காவலாளி பிரசாதம் சமைத்துத் தருகிறேன் என்று சொல்வது மாதிரி. மனசு நல்லதாக இருக்கலாம், மடப்பள்ளிச் சாவி அவரிடம் இல்லை.

நம் மலேசியாவிலோ அந்த முகத்தின் பெயரே உங்கள் சீட்டில் வராது, அவர் உங்கள் தொகுதியிலேயே நின்றால் தவிர. நாடாளுமன்றத்தில் 222 இடங்கள். பாதிக்கு மேல் என்றால் 112. அரசியலமைப்பின் 43ஆவது பிரிவுப்படி, மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக நியமிக்கிறார். நீங்கள் அனுப்புவது அந்த 222 பேரில் ஒருவரை மட்டும்தான்.

இது ஏட்டளவிலான விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். 2018 மே 9ஆம் தேதி மக்கள் ஒரே ஒரு தடவைதான் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒரே நாடாளுமன்றக் காலத்தில் மூன்று பிரதமர்கள் வந்தார்கள்: மகாதீர், 2020 மார்ச்சில் முகிடின், 2021 ஆகஸ்டில் இஸ்மாயில் சப்ரி. 2022 நவம்பர் 19ஆம் தேதி தேர்தலில் மூன்று அணியும் மூன்று முகங்களைக் காட்டின. பக்காத்தான் ஹராப்பானுக்கு 82, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 74, தேசிய முன்னணிக்கு 30. யாருக்கும் 112 இல்லை. ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு நவம்பர் 24ஆம் தேதி அன்வார் பதவியேற்றார், அதுவும் பிரசாரத்தில் எதிர்த்து நின்ற தேசிய முன்னணியின் ஆதரவோடு. "தேசிய முன்னணியை வீழ்த்துங்கள்" என்று கேட்டு ஹராப்பானுக்குப் போட்டவரும், "ஹராப்பான் வரக்கூடாது" என்று தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்குப் போட்டவரும் கடைசியில் ஒரே அரசாங்கத்தைத்தான் உண்டாக்கினார்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, நாடாளுமன்ற முறை இப்படித்தான் ஓடும். ஆனால் சுவரொட்டி முகத்தை மட்டும் நம்பிப் போட்டவர் ஏமாந்ததாக உணர்வார்.

ஆகவே முகத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது வேறு: "இவருடைய கட்சி தனியாக 112 எடுக்க வழியில்லை என்றால் யாரோடு சேரும், யாரோடு சேரவே சேராது?" செராமா எனும் பிரசாரக் கூட்டத்தில் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கேளுங்கள். பதிலில் எவ்வளவு வழவழா கொழகொழா இருக்கிறது என்பதே ஒரு தகவல்.

கட்சியை ஏன் முதலில் வைத்தேன் என்றால், நம் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தன் மனம்போல வாக்களிப்பது அபூர்வம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும், யார் ஆம், யார் இல்லை என்ற பெயர்ப் பதிவே இருக்காது. பெயர் பெயராக எண்ண வேண்டுமானால் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். அப்போதும் கொறடா சொன்னபடிதான் கைகள் உயரும். உங்கள் வேட்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பட்ஜெட்டுக்கும் வரிக்கும் அவருடைய ஓட்டு கட்சியின் ஓட்டுத்தான்.

அவர் கட்சி மாறிவிட்டால்? அதற்கு 2022 அக்டோபர் 5 முதல் சட்டம் இருக்கிறது, அரசியலமைப்பின் 49ஏ பிரிவு. ஒரு கட்சியின் பெயரில் ஜெயித்தவர் அந்தக் கட்சியை விட்டு விலகினாலோ இன்னொன்றில் சேர்ந்தாலோ இடம் காலியாகி இடைத்தேர்தல் வரும். சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் அப்படித்தான். பினாங்கு சட்டமன்றத்துக்கு 2012லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்சியே ஒருவரை வெளியே அனுப்பினால் அவர் இடம் போகாது. ஒரு கட்சி மொத்தமாக அணி மாறினால், 2020இல் பெர்சத்து கட்சி ஹராப்பான் அணியை விட்டுப் போன மாதிரி, இந்தச் சட்டம் அதைத் தொடாது. மூன்றாவது ஓட்டை நடைமுறையில் வெளிப்பட்டது: பெர்சத்துவின் 6 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகாமலேயே பிரதமர் அன்வாருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். கட்சி தன் சட்டவிதிகளைத் திருத்திப் பார்த்தது. 2024 ஜூலையில் சபாநாயகர் அந்த இடங்கள் காலியாகவில்லை என்று முடிவு சொன்னார். எனவே "தாவல் தடைச் சட்டம் வந்தாச்சு, இனி கவலை இல்லை" என்று யாராவது மேடையில் முழங்கினால் பாதியை மட்டும் நம்புங்கள்.

இனி ஆள். இங்கேதான் நிறைய பேர் தவறான தராசைப் பிடிக்கிறார்கள். ஒய்.பி., அதாவது மக்கள் பிரதிநிதி, வந்து லோங்காங் (வடிகால்) சுத்தம் செய்ய வைத்தாரா, தெருவிளக்குப் போட்டாரா, தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுத்தாரா என்று பார்ப்பார்கள். இவை எதுவும் நாடாளுமன்ற உறுப்பினரின் வேலை இல்லை.

பிறையில் தாமான் சாய் லெங் பக்கம் ஒரு லோங்காங் அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். வீட்டு வாசலில் இருக்கும் சின்ன வடிகால் என்றால் அது செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அதுவே பெரிய வெள்ள வடிகாலோ ஆறோ என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. கூட்டரசுச் சாலையை ஒட்டியது என்றால் பொதுப்பணி இலாகா. தண்டவாளத்தை ஒட்டியது என்றால் ரயில் நிறுவனமான கேடிஎம். அடுக்குமாடி வளாகத்துக்குள்ளே என்றால் அங்குள்ள நிர்வாகக் குழு, அதாவது மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற நீங்களேதான். குப்பையும் இப்படித்தான்: கோலாலம்பூரில் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ் அலாம் ஃபுளோரா எடுக்கிறது. பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை, ஊராட்சி மன்றங்களே பார்த்துக்கொள்கின்றன. "குப்பைப் பிரச்சினையை நாடாளுமன்றத்தில் எழுப்புவேன்" என்று பினாங்கில் ஒரு வேட்பாளர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அந்த மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஜோர்ஜ் டவுனில் 1951லேயே நகரசபைத் தேர்தல் நடந்தது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதற்கு முழுக்குப் போட்டது. இப்போது கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆகவே பினாங்கில் லோங்காங்குக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் அது சட்டமன்ற ஓட்டு. கோலாலம்பூர்க்காரருக்கு அந்த வழியும் இல்லை. அங்கே 11 நாடாளுமன்றத் தொகுதிகள் உண்டு, சட்டமன்றம் கிடையாது. டத்தோ பண்டார் எனும் மேயர் நியமனப் பதவி. அதனால் செராஸிலோ லெம்பா பந்தாயிலோ நாடாளுமன்ற உறுப்பினர்தான் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்லுக்குக் கடிதம் எழுதுகிறவர், அடுக்குமாடி மின்தூக்கிக்குக் கெஞ்சுகிறவர் எல்லாம். கோலாலம்பூர் வாக்காளர் ஒய்.பி.யின் சேவை மையத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடைபோட்டால் அதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு அப்படி இல்லை.

உங்கள் தொகுதியே நல்ல பாடம். பிறை சட்டமன்றத் தொகுதி பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. 2022இல் பத்து காவானில் ஜெயித்தவர் சாவ் கொன் யோவ், அப்போதே பினாங்கு முதலமைச்சர். ஆனால் அந்த முதலமைச்சர் பதவி பத்து காவான் வாக்குகளால் வந்ததில்லை. அது பாடாங் கோத்தா சட்டமன்றத் தொகுதியின் வழியாக, 40 பேர் கொண்ட மாநிலச் சட்டமன்றத்தின் பெரும்பான்மையால் வந்தது. ஒரே ஆள், இரண்டு நாற்காலி. நிலம் பற்றி அவரிடம் கேட்க வேண்டியதை ஒரு நாற்காலியிலும், காவல் துறை பற்றிக் கேட்க வேண்டியதை இன்னொன்றிலும் வைத்துத்தான் கேட்க முடியும். இரண்டு தேர்தலும் இப்போது ஒரே நாளில் வருவதும் இல்லை. 2022இல் பினாங்கு சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை, மாநிலத் தேர்தல் 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி தனியாக நடந்தது. அப்படி நடந்தால் பொதுத்தேர்தல் நாளில் உங்கள் கையில் ஒரே ஒரு சீட்டுத்தான் இருக்கும்.

தமிழ்ப் பள்ளி விஷயத்திலும் இதே பிரிவினை உண்டு. பினாங்கில் 28 தமிழ்ப் பள்ளிகள். ஆசிரியர், பாடத்திட்டம், கட்டட ஒதுக்கீடு எல்லாம் புத்ராஜெயா, அதாவது மத்திய அரசு. பள்ளி இருக்கும் நிலம் மாநில அரசு. "பள்ளிக்குப் புது நிலம் வாங்கித் தருவேன்" என்பது சட்டமன்ற வேட்பாளர் சொன்னால் பொருள் உண்டு. நாடாளுமன்ற வேட்பாளர் சொன்னால், எந்த வழியில் என்று கேளுங்கள். கோயில் நிலமும் அப்படியே. குடியுரிமை, சிவப்பு அடையாள அட்டை, மருத்துவமனை, காவல் நிலையம், பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன், இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா நிதி இவையெல்லாம் நாடாளுமன்றத்தின் பக்கம்.

சரி, நாடாளுமன்ற உறுப்பினரின் உண்மையான வேலையை எப்படிச் சோதிப்பது? ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் மறுபடி நிற்கிறார் என்றால் இது எளிது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் என்கிற அலுவல் அறிக்கை ஒவ்வொரு கூட்ட நாளுக்கும் ஒரு பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும், மலாயில். அதில் ஆளின் பெயரைத் தேடாதீர்கள். டத்தோ, டத்தோ ஸ்ரீ என்று பட்டம் மாறிக்கொண்டே இருக்கும், எழுத்துக்கூட்டலும் இடறும். தொகுதிப் பெயரைத் தேடுங்கள். பேசியவர் பெயருக்குப் பக்கத்திலேயே சதுர அடைப்புக்குறிக்குள் தொகுதி இருக்கும். கோப்பின் தொடக்கப் பக்கங்களில் அன்று வந்தவர், வராதவர் பட்டியல் உண்டு. ஒரு பட்ஜெட் கூட்டத்தொடரில் ஏழெட்டு நாள் கோப்புகளை எடுத்துப் பார்த்தால் போதும், ஒரு மணி நேர வேலை.

என்ன தேடுவது? வருகைப் பட்டியலை ரொம்ப நம்ப வேண்டாம். காலையில் வந்து தலைகாட்டிவிட்டுப் போனவரும் அதில் வந்தவர்தான். கத்தல் கூச்சலையும் ஒதுக்குங்கள். சமூக வலைத்தளத்தில் ஓடும் ஒரு நிமிடத் துணுக்குகள் பெரும்பாலும் அந்தக் கூச்சல்தான். வாய்மொழிக் கேள்வி நேரத்தில் அவர் கேட்ட துணைக் கேள்வியைப் பாருங்கள். அமைச்சர் படித்த பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு, அதிலிருந்தே எண்ணிக்கையைப் பிடித்து மறுகேள்வி கேட்கிறாரா, அல்லது ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்துவிட்டு உட்காருகிறாரா? வேலை தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக்காட்டும் இடம் இதுதான். அடுத்தது குழுநிலை விவாதம். அங்கே மசோதாவின் பிரிவுகளையும் பட்ஜெட்டின் ஒதுக்கீட்டுத் தலைப்புகளையும் எண் சொல்லிப் பேசுவார்கள். கேமராவுக்கு அங்கே வேலை இல்லை. அங்கே எழுந்து பேசுகிறவர் உழைப்பாளி.

புதியவர் என்றால் ஹன்சார்ட் இருக்காது. அவர் முன்பு கவுன்சிலராகவோ, பள்ளி வாரியத்திலோ, தொழிற்சங்கத்திலோ இருந்திருந்தால் அங்கே கணக்கு ஒப்படைத்தாரா என்று விசாரியுங்கள். சங்க ஆண்டுக்கூட்ட அறிக்கை ஒன்று நூறு செராமாவுக்குச் சமம். தகுதியிழப்பு விதிகள் 48ஆவது பிரிவில் இருக்கின்றன: திவாலாகி விடுவிக்கப்படாதவர், ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாத அபராதமோ பெற்று மன்னிப்பு வாங்காதவர், முந்தைய தேர்தலின் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாதவர், இப்படி. வேட்புமனு நாளில் இது எப்படியும் கிளறப்படும். உங்களுக்குப் பயன்படுவது கடைசி விதி. செலவுக் கணக்கைக்கூட ஒழுங்காகக் கொடுக்காதவர் அரசாங்கக் கணக்கைக் கேள்வி கேட்பார் என்று எதிர்பார்ப்பது பேராசை.

பணம் பற்றியும் ஒன்று. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி நாடாளுமன்ற வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 200,000 வெள்ளி, சட்டமன்றத்துக்கு 100,000. கட்சி செய்யும் செலவு இதில் அடங்காது, அங்கேதான் சூட்சுமம். வைப்புத்தொகை நாடாளுமன்றத்துக்கு 10,000 வெள்ளி. பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு எடுக்காவிட்டால் அது போய்விடும். 60,000 வாக்குகள் என்றால் 7,500. ஓட்டுக்காக விருந்து வைப்பதும் பணம் கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம், வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு. "நம்மாட்களுக்குச் சோறு போட்டால் என்ன குற்றம்" என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வாக்குறுதியைச் சோதிக்க நான் வைத்திருப்பது மூன்று கேள்வி. இதற்கு எத்தனை ஓட்டு வேண்டும்? யாருடைய பணம்? யாருடைய கையெழுத்து?

முதல் கேள்விக்கு உதாரணம் 18 வயது வாக்குரிமை. அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வேண்டும். 2019 ஜூலையில் அரசும் எதிர்க்கட்சியும் சேர்ந்து 211 ஓட்டில் நிறைவேற்றின. 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் தானாகவே பட்டியலில் ஏறியது அதனால்தான். தாவல் தடைச் சட்டமும் அப்படித்தான், 209 ஓட்டு. ஆகவே அரசியலமைப்பைத் தொடும் வாக்குறுதியை எந்த வேட்பாளர் கொடுத்தாலும், "எதிர்த்தரப்பில் யாரோடு பேசியிருக்கிறீர்கள்?" என்பதுதான் கேள்வி.

இரண்டாவதுக்கு 2018 நல்ல உதாரணம். ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரியை ஒழிப்போம் என்றார்கள் ஹராப்பான் அணியினர். 2018 ஜூன் 1ஆம் தேதி பூஜ்ஜியமாக்கினார்கள், செப்டம்பர் 1ஆம் தேதி எஸ்எஸ்டி எனும் விற்பனை சேவை வரி வந்தது. நிதியமைச்சரின் ஆணையாலும் சாதாரணப் பெரும்பான்மையாலும் முடிகிற காரியம், முடிந்தது. சாலைக் கட்டணத்தை ஒழிப்போம் என்றதோ முடியவில்லை. அங்கே சலுகை நிறுவனங்களோடு பல ஆண்டு ஒப்பந்தம், முறித்தால் இழப்பீடு. ஆனாலும் 2019 ஜனவரி 1 முதல் பினாங்கு பாலங்களில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் போய்விட்டது. தினமும் பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. நிறைவேறாத வாக்குறுதிக்குள்ளும் நிறைவேறிய துண்டு இருக்கலாம், அதைத் தனியாக எடுத்து எடைபோடத் தெரிய வேண்டும்.

மூன்றாவது கையெழுத்து. பினாங்கு எல்ஆர்டி இலகு ரயிலைப் பற்றி எத்தனை தேர்தலாக மாநில வேட்பாளர்கள் பேசினார்கள்! 2024இல் மத்திய அரசு திட்டத்தைக் கையில் எடுத்த பிறகுதான் முத்தியாரா எனும் அந்த ரயில் தடம் நகர ஆரம்பித்தது. ஏனென்றால் பணமும் ரயில் உரிமமும் புத்ராஜெயாவில்.

"இந்திய வேட்பாளருக்குத்தானே போட வேண்டும்?" என்ற கேள்வி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள். இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஜெயிக்கிற இந்திய வேட்பாளர் மற்ற இனத்தாரின் ஓட்டிலும்தான் ஜெயிக்கிறார், அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். தமிழர் என்பதால் அவருக்கு நம் பிரச்சினை புரியும் என்பது பாதி உண்மை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்தப் பாரம் (படிவம்), எந்த இலாகா, எந்தப் பிரிவின்கீழ் விண்ணப்பம் என்று தெரிந்த சீன ஒய்.பி.யின் உதவியாளர், அது தெரியாத தமிழ் ஒய்.பி.யை விட அந்தப் பிள்ளைக்கு உதவுவார். சேவை மையத்துக்கு ஒரு நிஜமான வழக்கோடு போய்ப் பாருங்கள். பெயரை எழுதி எண் கொடுத்து, எந்த இலாகாவுக்குக் கடிதம் போகும், எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொல்கிறார்களா? அல்லது "ஒய்.பி.யிடம் சொல்கிறேன்" என்று அனுப்பிவிடுகிறார்களா? ஆதரவுக் கடிதம் என்பது சிபாரிசு மட்டுமே, இலாகாவைக் கட்டுப்படுத்தாது. அதை எடுத்துச் சொல்லிவிட்டுக் கொடுக்கிற மையம் நேர்மையான மையம். எதிர்க்கட்சி உறுப்பினருக்குத் தொகுதி ஒதுக்கீடு வழக்கமாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் குறைவு என்பதையும் கணக்கில் சேருங்கள். காசு இல்லாத மையத்தைக் காசு உள்ள மையத்தோடு ஒப்பிடக்கூடாது.

பல முனைப் போட்டி என்றால் கணக்கு மாறும். நம் முறையில் ஒரு ஓட்டு கூடுதலாக எடுத்தாலே வெற்றி, பாதி வேண்டும் என்ற பேச்சே இல்லை. 222 இடங்களுக்கு 2022இல் 945 பேர் நின்றார்கள். உங்களுக்குப் பிடித்த சின்னக் கட்சிக்குப் போடலாமா என்று தயங்கினால், முந்தைய தேர்தலின் வாக்கு வித்தியாசத்தைப் பாருங்கள். இருபதாயிரம், முப்பதாயிரத்தில் ஜெயித்த தொகுதி என்றால் உங்கள் ஓட்டு யாரையும் கவிழ்க்காது, மனசாட்சிப்படி போடுங்கள். ஓராயிரம், இரண்டாயிரம் என்றால் யார் வந்தால் தாங்க மாட்டீர்கள் என்று யோசித்துப் போடுங்கள். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை.

கடைசியாக, ஓட்டுப் போட முடியாமல் போகும் காரணங்கள். உங்கள் வாக்கு, அடையாள அட்டை முகவரிப்படி பிறையில்தான் இருக்கும். கோலாலம்பூரில் அறை எடுத்திருப்பதால் அது மாறாது. மாற்ற விரும்பினால் முதலில் மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், முகவரியை மாற்றி, பிறகு தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது படியை மறந்துவிட்டு, "ஐசியில் மாற்றிட்டேனே" என்று வாக்குப்பதிவு நாளில் நிற்பவர்கள் நிறைய. நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் இப்போதே பெயரைப் பாருங்கள். தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு மறுபடி பார்த்து, எந்தப் பள்ளி, எந்த சாலுரான் (வாக்களிக்கும் அறை), வரிசை எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். சாலுரான் வயதுவாரியாகப் பிரிக்கப்படும், 1ஆம் எண் மூத்தவர்களுக்கு. உங்களுடையது கடைசி எண்ணாக இருக்கும், வரிசையும் நீளமாக இருக்கும். முதலாளி வாக்களிக்க நேரம் கொடுத்தே ஆக வேண்டும், சம்பளம் பிடிக்கக்கூடாது.

வகுப்பறைக்குள் முதல் குமாஸ்தா அட்டையைப் பார்த்துப் பெயரை உரக்கப் படிப்பார், கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரைக் கோடிட்டு அடிப்பார்கள். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். மூன்றாமவர் சீட்டைக் கொடுப்பார். வாங்கியதும் ஏற்கெனவே ஏதாவது குறி இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். மை காயட்டும், சீட்டில் ஒட்ட விடாதீர்கள். ஒரே ஒரு கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. பெயர், கையெழுத்து, திட்டு எதுவும் எழுதினால் சீட்டு செல்லாது. கை தவறிவிட்டால் பெட்டியில் போடாமல் வாக்குச்சாவடித் தலைவரிடம் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள், தருவார்கள். போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சின்னத்திலும் கவனம் வேண்டும். ஜசெகவின் (டிஏபி) ராக்கெட் சின்னத்தைத் தேடுகிற பாட்டிமார் தீபகற்பத்தில் 2018இல் பிகேஆர் சின்னத்தையும் 2022இல் ஹராப்பான் சின்னத்தையும்தான் பார்த்தார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தமுறை எந்தச் சின்னம் என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

எண்ணிக்கை அந்த வகுப்பறையிலேயே நடக்கும். முடிவை 14ஆம் எண் பாரத்தில் எழுதி, முகவர்கள் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்வார்கள். அன்றிரவு எந்தக் கட்சி முகவராவது தெரிந்தவராக இருந்தால் உங்கள் சாலுரானின் பாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 1ஆம் சாலுரானில் என்ன விழுந்தது, உங்கள் வயதுக்காரர்களின் சாலுரானில் என்ன விழுந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.